மறுபடியும் படிக்கப் போனால் கல்வெட்டு

காவிரிப் படுகையில் இருப்பவர் இன்னொரு முறை மாணவராக உட்கார முடிந்தால் எடுக்க வேண்டிய பாடம் கல்வெட்டு என்பது என் உறுதியான எண்ணம். மா, குழி, வேலி, கலம், மரக்கால் ஆகிய நில, நெல் அளவைச் சொற்களை வெளியூர்க்காரர் அகராதியில் தேட வேண்டும். இங்கே அவை வீட்டுப் பேச்சிலேயே வந்துவிடுகின்றன. பட்டம் வேண்டுமென்றால் 1981-இல் தொடங்கிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே துறை இருக்கிறது. வேலையோடு வேலையாகத் தானே கற்பவருக்காகவே இந்தக் குறிப்பு.

பலரும் எழுத்து அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டு, கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழும் மெய்க்கீர்த்தியில் இறங்குவார்கள், பத்தாவது வரியில் களைத்துப்போவார்கள். அரசனின் புகழ்ச்சியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதல் சில சொல் தெரிந்தாலே அரசன் யார் என்று பிடிபட்டுவிடும்: ‘திருமகள் போல’ என்றால் முதலாம் ராஜராஜன், ‘திருமன்னி வளர’ என்றால் ராஜேந்திரன், ‘புயல் வாய்த்து’ என்றால் மூன்றாம் குலோத்துங்கன். அங்கிருந்து தாவி நிலமும் நெல்லும் வரும் இடத்துக்குப் போங்கள். அங்கே திரும்பத் திரும்ப ஒரே சொற்கள் வருவதால் கண் சீக்கிரம் பழகும்.

எழுத்தில் தடுக்கும் இடங்கள் மூன்று. பெரும்பாலும் புள்ளி இருக்காது. எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு இருக்காது. துணைக்காலும் ‘ர’வும் ஒரே வடிவம். அதனால் ‘தேவர்’ என்பது கல்லில் ‘தெவர’ என்றும், ‘கோயில்’ என்பது ‘கொயில’ என்றும் நிற்கும். ‘கொனெரினமைகொணடான’ என்று எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதிய பிறகுதான் ‘கோனேரின்மைகொண்டான்’ என்ற அரசர் பட்டப்பெயராகப் படிக்க வேண்டும். முதல் பார்வையிலேயே புள்ளி வைத்து எழுதினால் தவறு உள்ளே போய்விடும், பிறகு வெளியே வராது. குறிப்பேட்டில் இடப்பக்கம் கல்லில் உள்ளபடி, வலப்பக்கம் நம் வாசிப்பு. இந்தப் பழக்கத்தை ஒருநாளும் விடக்கூடாது. வடசொற்களை எழுதப் பயன்பட்ட கிரந்தத்தில் ஸ, ஜ, ஷ, ஹ, ஸ்ரீ நமக்குத் தெரிந்தவை. க, ச, ட, த, ப வரிசைகளில் தமிழில் இல்லாத வர்க்க எழுத்துகளை முதலில் தனியாகப் படியுங்கள்.

வெளிச்சம் சரியில்லாவிட்டால் எவ்வளவு படித்திருந்தாலும் பயனில்லை. நேர் வெயிலில் எழுத்து மறைந்துவிடும், சாய்ந்த ஒளியில்தான் வெட்டு நிழல் கட்டும். கிழக்குச் சுவருக்கும் மேற்குச் சுவருக்கும் வெயில் சுவரை ஒட்டி இறங்கும் முற்பகல், பிற்பகல் நேரம் பொருந்தும். தெற்குச் சுவரை மார்கழி, தை மாதங்களில் காலையிலோ மாலையிலோ பார்க்கலாம். வடக்குச் சுவருக்கு வெயிலே வராது என்பார்கள், வரும். தஞ்சை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10.8 பாகையில் இருப்பதால் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அப்போது வெயில் மேலிருந்து சுவரை உரசிக்கொண்டு இறங்கும். கிடைக்கோடுகள் எடுப்பாகத் தெரியும். ஆனால் காலும் கொம்பின் தண்டும் செங்குத்துக் கோடுகள், அவற்றுக்குப் பக்கவாட்டு ஒளிதான் வேண்டும். அதனால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பிடித்து இடமிருந்து ஒரு படம், மேலிருந்து ஒரு படம் என ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு எடுங்கள். அடுத்த படத்தில் முந்தையதன் கால்பங்காவது வரட்டும். எழுத்தில் சுண்ணக்கட்டி, விபூதி, எண்ணெய் எதையும் தேய்க்க வேண்டாம். தேய்ப்பவர் ஊகித்த எழுத்துதான் படத்தில் விழும், கல்லும் கெடும்.

வரி எங்கே ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கோயில் அடித்தளத்தின் அடுக்குகளான ஜகதியிலும் குமுதத்திலும் வெட்டிய வரி மூலை திரும்பி அடுத்த பக்கமும் போகலாம். ஒரு கல்லை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தால் பொருள் வராது. திருப்பணியில் கற்கள் இடம் மாறிய கோயில்களில் வரி பாதியில் அறுந்து வேறொரு செய்தி தொடங்கும்.

எண்களில்தான் அதிகம் வழுக்கும். ௧, ௨, ௪, ௭, ௮ ஆகியவை க, உ, ச, எ, அ போலவே இருக்கும். ‘யாண்டு’ என்பதற்குப் பின்னும் ‘ஆவது’ என்பதற்கு முன்னும் வந்தால் எண் என்று கொள்ளுங்கள். பழைய முறையில் பூச்சியம் இல்லை, 275 என்பது ௨௱௭௰௫. ஆட்சியாண்டைக் கணக்கிடும்போது ஒன்றைக் கழிக்க மறக்கக்கூடாது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985-இன் நடுவில். பெரிய கோயில் கல்வெட்டு சொல்லும் 25-ஆம் ஆண்டு 275-ஆம் நாள் என்பதற்கு 24 ஆண்டு கூட்டினால் 1009-இன் நடு, அதன்மேல் 275 நாள் சேர்த்தால் 1010.

நிலக் கணக்கு இப்படி: வேலியில் 20-இல் ஒன்று மா, 80-இல் ஒன்று காணி, 320-இல் ஒன்று முந்திரி. ‘கீழ்’ என்று வந்தால் அந்த 320-இல் ஒன்றை மறுபடி அதே வாய்பாட்டால் பிரிக்க வேண்டும். ‘அரையே இரண்டு மா காணி’ என்றால் 10 மாவும் 2 மாவும் கால் மாவும் சேர்ந்து பன்னிரண்டே கால் மா. அதை இன்றைய 33 சென்ட் மாவாக எண்ணி ஏக்கர் போட்டுவிடாதீர்கள். அந்தந்த ஊர் அளவுகோலுக்கு ஏற்ப குழியின் அளவும், மாவுக்கு எத்தனை குழி என்பதும் மாறும். ‘பதினாறு சாண் கோல்’ போன்ற குறிப்பு அருகில் இருக்கிறதா என்று தேடுங்கள். நெல்லுக்கு ஒரு கலம் 12 குறுணி (மரக்கால்), ஒரு குறுணி 8 நாழி. பெரிய கோயிலில் ‘ஆடவல்லான் என்னும் மரக்கால்’ என்று அளவையின் பெயரையே வெட்டியிருக்கிறார்கள். பொன்னுக்கு ஒரு கழஞ்சு 20 மஞ்சாடி, ஒரு மஞ்சாடி 2 குன்றி.

சரிபார்க்க, அச்சில் வந்த கல்வெட்டையே முதலில் எடுங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியில் பெரும்பகுதி பெரிய கோயில்தான். புத்தகத்தை மூடிவைத்து நீங்களே எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள்.

கல்லெழுத்தைத் தாளில் மையால் படியெடுக்கும் மைப்படியை இதற்கெல்லாம் பிறகு, அனுபவமுள்ளவர் கூட இருக்கும்போது, தொல்லியல் துறையிடமோ கோயில் நிர்வாகத்திடமோ எழுத்தில் அனுமதி வாங்கிச் செய்யலாம். கல்லைத் தண்ணீராலும் தென்னைநார்த் தூரிகையாலும் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்துக் குழிக்குள் இறக்கி, பாதி காய்ந்ததும் மையை ஒற்ற வேண்டும். ஈரம் அதிகமிருந்தால் மை குழிக்குள் ஊறி எழுத்து மூடிப்போகும். முழுதும் காய்ந்துவிட்டால் தாள் சுருண்டு கல்லை விட்டுக் கழன்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் தாள் காயாது, கோடை நண்பகலில் தட்டி முடிக்கும் முன்பே காய்ந்துவிடும். தை, மாசிக் காலை நேரம் நல்லது. உரித்த உடனே தாளின் பின்புறம் பென்சிலால் கோயில், சுவர், எத்தனையாவது கல், எந்த வரியிலிருந்து எந்த வரி என்று எழுதிவிடுங்கள். நாலு தாள் கலந்துவிட்டால் மறுபடி சுவரடிக்குத்தான் போக வேண்டும்.