மலைப்பாதையில் ஓடும் புல்லட்டுக்கு வேறு சீட் பொருத்துவது பற்றி

கம்பெனி கொடுத்த சீட்டைக் கழற்றிவிட்டு, வெளிச்சந்தையில் கிடைக்கும் சீட்டை மோட்டார் சைக்கிளில் பொருத்துவது பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் நெடுஞ்சாலைப் பயணத்தை மனத்தில் வைத்தே எழுதுகிறார்கள். சென்னையிலிருந்து மதுரை வரை அசையாமல் ஒரே நிலையில் உட்கார்ந்து செல்பவருக்குச் சுகமாக இருக்கும் சீட், கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குபவருக்கும் சுகமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நீலகிரியில் அன்றாடம் வண்டி ஓட்டுகிறவன் என்ற முறையில் என் முடிவு இதுதான்: சீட் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்பதைப் பார்ப்பதற்கு முன்னால், அது எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, எந்த இடத்தில் தைக்கப்பட்டிருக்கிறது என்பவற்றைப் பார்க்க வேண்டும்.

முதலில் சரிவு. கோத்தகிரியிலிருந்து அரவேணு, குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும் பாதை, 30 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் தூரத்துக்குள் ஏறத்தாழ 1,500 மீட்டர் கீழே வந்துவிடுகிறது. இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் இன்ஜினின் பிடிப்பிலேயே வண்டியை இறக்கும்போது, உடல் முழுவதும் டேங்கை நோக்கி வழுக்கிக்கொண்டே இருக்கும். அதைத் தடுத்து நிறுத்துவது தொடைகளும் மணிக்கட்டுகளும்தான். சமதரையில் நிற்கும்போதே முன்பக்கம் சரிந்திருக்கும் சீட்டாக இருந்தால், சாலையின் இறக்கமும் அதனோடு சேர்ந்துகொள்ள, பாதி மலை இறங்குவதற்குள் உள்ளங்கைகள் மரத்துவிடும். மரத்த கையால் பிரேக் லீவரை அளவாகப் பிடிப்பது கடினம் என்பதால் இதை வெறும் சொகுசுப் பிரச்சினையாக நான் எண்ணவில்லை. ஏறும்போது இதே கதை தலைகீழாக நடக்கிறது. உடல் பின்னால் சரிந்து, பின்னால் இருப்பவரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எனவே மலைக்கு ஏற்ற சீட், ஓட்டுபவர் உட்காரும் இடத்தில் இலேசாகக் குழிந்து, முன்னும் பின்னும் மெல்ல உயர்ந்திருக்க வேண்டும். அந்தக் குழிவு ஆழமாகவும் இருக்கக் கூடாது. கொண்டை ஊசி வளைவில் இடுப்பைச் சற்று நகர்த்தி எடையை மாற்ற வேண்டியிருக்கும். ஆழமான குழிக்குள் மாட்டிக்கொண்ட உடலால் அது முடியாது.

இதைக் கடையிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. வண்டியைச் சமதரையில் மெயின் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, சீட்டின் மேல் நீளவாக்கில் ஒரு மரச்சட்டத்தை வைத்து, அதன் மேல் கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டத்தை வைத்துப் பார்க்கலாம். நான் பார்த்தபோது, படத்தில் அழகாகத் தெரிந்த ஒரு சீட்டில் குமிழி கோட்டைத் தாண்டிப் பின்பக்கம் ஓடி நின்றது. அதாவது, சீட்டின் மூக்கு தாழ்ந்திருந்தது. மெயின் ஸ்டாண்டில் நிற்கும்போது வண்டியே ஓரளவு சாய்ந்திருக்கும் என்பதால் பழைய சீட்டையும் அதே இடத்தில் அளந்து இரண்டையும் ஒப்பிடுவதுதான் சரியான முறை.

அகலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அகலமான சீட் பார்ப்பதற்குத் தாராளமாகத் தெரியும். ஆனால் அது தொடைகளை விரித்து, கால் தரையைத் தொடும் தூரத்தைக் கூட்டிவிடும். உயரம் கூடாமலேயே வண்டி உயரமாகிவிட்டது போல் ஆகும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை விதி என்றாலும், இடதுபக்கக் கொண்டை ஊசி வளைவில் நாம் ஏறிக்கொண்டிருக்கும்போது எதிரே ஒரு பேருந்து அகலமாகத் திரும்பினால் நாம்தான் நின்றாக வேண்டும். வலது கால் பின்பிரேக்கில் இருப்பதால் இடது காலைத்தான் ஊன்ற முடியும். வளைவின் உட்பக்கமோ இடது பக்கம், அதாவது சாலை தாழ்ந்திருக்கும் பக்கம். அந்த இடத்தில் கால் எட்டாமல் போனால், இருநூறு கிலோவை நெருங்கும் வண்டியைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இருக்காது. மூக்குப் பகுதி குறுகலாகவும், உட்காரும் எலும்புகள் இரண்டும் படியும் இடம் மட்டும் அகலமாகவும் உள்ள சீட்டையே நான் தேடியதற்கு இதுவே காரணம்.

இனி ஃபோம். கடையில் எல்லோரும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார்கள். கட்டைவிரலுக்கு இதமாக இருக்கும் ஃபோம், முழு எடையோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் அடிவரை அமுங்கி, சீட்டின் அடித்தகட்டிலேயே உட்கார வைத்துவிடும். அடர்த்தி வேறு, கடினம் வேறு. அடர்த்தி அதிகமான ஃபோம் பல ஆண்டுகள் வடிவம் மாறாமல் இருக்கும். கடினம் என்பது அது எவ்வளவு எடைக்கு எவ்வளவு அமுங்குகிறது என்பது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மலையில் இருப்பவர்கள் மெமரி ஃபோம் விஷயத்தில் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். உடற்சூட்டில் இளகி உடலின் வடிவத்தை ஏற்பதே அதன் சிறப்பு என்பதால், குளிரில் அது இறுகிப் போகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஊட்டியை அடுத்த தலைகுந்தா, காந்தல் பக்கம் விடிகாலையில் வெளியே நிற்கும் வண்டிகளின் சீட்டில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அப்படி இரவு முழுவதும் நின்ற வண்டியில் மெமரி ஃபோம் சீட் இருந்தால் முதல் சில கிலோமீட்டர் பலகையில் உட்கார்ந்து போவது போலவே இருக்கும். ஜெல் பேடும் குளிரை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் விடும். கோயம்புத்தூரில் இவற்றைப் பாராட்டிச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் ஊர்க் காலநிலையில் அவை நன்றாகவே வேலை செய்கின்றன. நமக்குச் சாதாரண, அடர்த்தியான மோல்டட் ஃபோமே (அச்சில் வார்த்த ஃபோமே) போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தையல். இப்போது விற்கும் சீட்டுகளில் டைமண்ட் தையல் போட்டவையே அதிகம். சீட்டின் மேல்பரப்பு முழுவதும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அந்தத் தையலில் எத்தனை ஊசித்துளைகள் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு துளையும் தண்ணீர் இறங்கும் வழி. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழையில்தான் அதிகம். இரண்டுக்கும் நடுவில் மஞ்சு (மூடுபனி) வேறு. சமவெளியில் நனைந்த சீட் மறுநாள் வெயிலில் காய்ந்துவிடும். இங்கே நவம்பர் மாதத்தில் நாள்கணக்கில் வெயிலே வராதபோது, ஃபோம் குடித்த தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். மேலே துடைத்துவிட்டு உட்காருவோம்; நம் எடை அழுத்தியதும் தண்ணீர் அதே துளைகள் வழியாக மேலேறிக் கால்சட்டையை நனைக்கும். அதோடு போகாது. அடியில் ரெக்சினைப் பிடித்திருக்கும் ஸ்டேப்ளர் பின்கள் துருப்பிடித்து ஒவ்வொன்றாக உதிரும். ஒரு பழைய சீட்டைக் கவிழ்த்துப் பார்த்தால், பின்கள் இருந்த இடங்களிலிருந்து பழுப்புக் கோடுகள் வழிந்திருப்பதையும், ஃபோமின் விளிம்பு கறுத்து ஈரவாடை வீசுவதையும் காணலாம்.

ஆகவே மேல்பரப்பில் தையலே இல்லாத, பக்கவாட்டில் மட்டும் பீடிங் (விளிம்போடு ஓடும் குழல் போன்ற பட்டி) வைத்துத் தைத்த ஒரு ரெடிமேட் சீட்டைத் தேர்ந்தெடுத்து, அதை மேட்டுப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த குஷன் கடையில் கொடுத்துச் சில மாற்றங்கள் செய்துகொண்டேன். கடைக்காரர் என்னைவிட மூத்தவர். பல ஆண்டுகளாக மலைவண்டிகளுக்குச் சீட் தைப்பவர். "மேல தையல் வேண்டாம்னு சொன்னீங்க பாருங்க, அதுவே சரிங்க தம்பி. உள்ளயும் ஒரு ஷீட்டு விரிச்சுத் தர்றேன், தண்ணி எந்தப் பக்கம் வந்தாலும் ஃபோமைத் தொடாது" என்றார். ரெக்சினைப் பிரித்து, மூக்குப் பக்கம் அரை அங்குல உயரத்துக்கு ஆப்பு வடிவில் ஃபோம் வெட்டி ஒட்டி, அந்த ஒட்டு தெரியாதபடி மேலே மெல்லிய ஃபோமைப் போர்த்தி, அதன் மேல் தண்ணீர் புகாத ஷீட்டை இழுத்துச் சுற்றி, பிறகு ரெக்சினைத் திரும்ப ஏற்றினார். இழுத்துப் பிடிக்கும்போது முதலில் முன்னும் பின்னும், அதன் பிறகே பக்கங்கள் என்ற வரிசையை அவர் மாற்றவே இல்லை. பக்கங்களை முதலில் இழுத்தால் மூலைகளில் சுருக்கம் விழும், சுருக்கத்தில் தண்ணீர் நிற்கும் என்றார். துருப்பிடிக்காத ஸ்டீல் பின்கள் வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அடித்தகட்டில் வடிகால் துளைகள் இருக்கின்றனவா என்பதையும், அவற்றை ரெக்சின் மடிப்பு மூடிவிடவில்லையா என்பதையும் கவிழ்த்துப் பார்த்தே எடுத்து வர வேண்டும்.

பொருத்துவது பெரிய வேலை இல்லை. ஆனால் பொறுமை வேண்டும். பெஞ்ச் சீட் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் முன்பக்கம் ஒரு நாக்கு, வண்டிச் சட்டத்தின் (ஃப்ரேமின்) குறுக்குக் கம்பிக்கு அடியில் நுழைந்து பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் இரண்டு போல்ட்டுகள் இறுக்கும். வெளிச்சந்தைச் சீட்டுகளில் நாக்கின் அளவு முன்னே பின்னே இருப்பது சகஜம். சீட்டை வைத்து முன்னால் தள்ளிய பிறகு, போல்ட் போடுவதற்கு முன்பே, மூக்கை இரண்டு கைகளாலும் மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். தூக்கினால் எழும்பி வந்தால், நாக்கு மாட்டவில்லை என்று பொருள். பின்போல்ட்டுகளை எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் குறை நீங்காது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது சீட் முன்பக்கம் எழும்பும்.

அடுத்து, அடித்தகட்டில் இருக்கும் ரப்பர் குமிழ்கள். சீட்டின் மேல் ஏறும் எடை முழுவதும் அவற்றின் வழியாகவே சட்டத்துக்கு இறங்க வேண்டும். ஒவ்வொரு ரப்பரின் அடியிலும் சாக்பீஸைத் தேய்த்துவிட்டுச் சீட்டை வைத்து ஒரு முறை நன்றாக உட்கார்ந்து எழுந்து, சீட்டைக் கழற்றிப் பார்த்தேன். மூன்று இடங்களில் சட்டக் குழாயின் மேல் வெள்ளைத் தடம் வட்டமாக விழுந்திருந்தது. நான்காவது இடத்தில் ஒன்றுமே இல்லை. அந்த மூலையில் எடை தகட்டின் விளிம்பு வழியாகப் பின்விளக்குக்குப் போகும் ஒயரின் மேல் இறங்கியிருந்தது. ரப்பருக்கு அடியில் ஒரு வாஷர் கொடுத்து உயர்த்தி, ஒயரைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியதும் சரியாகிவிட்டது. பேட்டரி சீட்டுக்கு அடியில் இருக்கும் வண்டிகளில் இந்தச் சோதனை இன்னும் அவசியம். இரும்புத் தகடு பேட்டரி முனையைத் தொட்டால் ஷார்ட் ஆகி நெருப்பே பிடிக்கலாம்.

போல்ட் துளைகள் ஒன்றோடொன்று நேராக அமையாவிட்டால் நெம்புகோல் போட்டு வளைக்கக் கூடாது. சீட்டின் பிராக்கெட்டில் உள்ள துளையை உருண்டை அரத்தால் சிறிது நீட்டினால் போதும். அராவிய இடத்தில் உடனே பெயின்ட் அடிக்காவிட்டால் இந்த மஞ்சில் துரு ஏறிவிடும். இரண்டு போல்ட்டுகளையும் கையால் பிடிக்கும் அளவுக்கு ஏற்றிய பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். ஸ்பிரிங் வாஷர் இல்லாமல் போடவே வேண்டாம். முதல் முறை மலை இறங்கி ஏறிய பிறகு ஒரு தடவை இறுக்கிப் பார்க்க வேண்டும். புதிய ரப்பர் படிந்ததும் போல்ட் நிச்சயம் சற்றுத் தளரும்.

பின்னால் உட்காருபவரைப் பற்றிப் பேசாமல் சீட் பற்றிப் பேசி முடிக்க முடியாது. என் அம்மா சேலை கட்டி ஒருபக்கமாக உட்கார்ந்து வருபவர். பின்பக்கம் குறுகி, விளிம்பு உருண்டு, மேல்நோக்கித் தூக்கியிருக்கும் 'ஸ்போர்ட்டி' சீட்டில் அவர் கட்டபெட்டு வளைவுகளில் எப்படி உட்கார்ந்து வர முடியும்? ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவே சிறு படி ஒன்று இருக்க வேண்டும். இறக்கத்தில் பின்னால் இருப்பவர் நம் முதுகின் மேல் சரியாமல் அதுவே தடுக்கும். பின்பகுதி தட்டையாகவும் விளிம்பு வரை ஃபோம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். பின்னால் இருப்பவரின் சீட் பற்றி அரசின் சட்டமும் பேசுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, பின்னால் ஏற்றிச் செல்லப்படுபவர் ஓட்டுபவரின் சீட்டுக்குப் பின்னால் உறுதியாகப் பொருத்தப்பட்ட முறையான சீட்டில்தான் உட்கார வேண்டும் என்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி, பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் கால் வைக்கும் இடமும் பின்சக்கரத்துக்குப் பாதியளவாவது மறைப்பும் வேண்டும் என்கிறது. புதிய சீட்டோடு பிடித்துக்கொள்ளும் வார் வராவிட்டால், பழைய கிராப் ரெயிலையாவது (பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளும் கம்பியையாவது) கழற்றாமல் விட்டுவிட வேண்டும். ஸ்பிரிங் வைத்த ஒற்றைச் சீட்டை மாட்டிக்கொண்டு, பின்மட்கார்டின் மேல் ஒரு திண்டைக் கட்டி ஆளை ஏற்றிச் செல்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதைப்பாக இருக்கிறது.

பராமரிப்பு பற்றிச் சில வார்த்தைகள். குளிர் ஊர் என்பதால் வெயில் ரெக்சினைக் கெடுக்காது என்று எண்ண வேண்டாம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. ரெக்சின் வெளுப்பதும் வெடிப்பதும் அதனால்தான். குன்னூர், பர்லியாறு பக்கம் வண்டியை நிறுத்துபவர்களுக்குக் குரங்குகளும் ஒரு கவலை. சீட்டில் ஒரு சிறு கிழிசல் தெரிந்தால் போதும், விரலை விட்டு ஃபோமைப் பிய்த்து எடுத்துவிடும். கிழிசலைக் கண்ட அன்றே ஒட்டிவிட வேண்டும். தார்ப்பாய்த் துணியில் தைத்த உறை நல்லது, ஆனால் நனைந்த சீட்டின் மேல் உறையைப் போட்டு மூடி வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். துடைத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

கழற்றிய பழைய சீட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் கம்பெனி சீட்டைக் கேட்பார். புதிய சீட்டைத் திரும்பத் தைக்கக் கொடுக்கும் நாள்களில் வண்டி ஓடவும் அது வேண்டும். நான் அதை நன்றாகக் காயவைத்து, போல்ட்டுகளையும் வாஷர்களையும் ஒரு துணிப்பையில் போட்டு அடித்தகட்டிலேயே கட்டி, பரண்மேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.