வரியன் பெட்டிக்குள் போய்விட்டான்: ஒரு உடும்புக் கடியும் பதினொரு வாரமும்

நேற்று இரவு என் உடும்பு வரியன் தொடர்ந்து பத்தாவது தடவையாகத் தானே நடந்துபோய் மாற்றுப் பெட்டிக்குள் ஏறினான். கதவை இறக்கினேன், கூட்டைக் கழுவினேன், தண்ணீரை மாற்றினேன், கதவைத் தூக்கினேன். என் கை ஒரு தடவைகூட அவன் வாய்க்கு எட்டும் தூரத்தில் இல்லை. பதினொரு வாரமாக இந்த ஒரு வேலையோடுதான் மல்லுக்கட்டினேன். அந்தச் சந்தோஷத்தில் இதை எழுதுகிறேன்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு: வரியன் ஒரு லேஸ் மானிட்டர் (ஆஸ்திரேலிய உடும்பு), அகலப் பட்டை போட்ட பெல்ஸ் வகை, வயது பதினாறு மாதம், மூக்கிலிருந்து வால் நுனிவரை 92 செ.மீ. மெல்பேர்ணில் உரிமத்தோடு வளர்க்கிறேன். இந்தியாவில் இருப்பவர்கள் இதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அங்கே உடும்பு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது; வீட்டில் வைத்திருப்பதே குற்றம். கூட்டின் அளவு, வெயில் காயும் இடத்து வெப்பம், விளக்கு எல்லாம் உடும்பு வளர்க்கும் நம் ஆட்களுக்குத் தெரிந்ததுதான், விடுகிறேன்.

இந்தப் பயிற்சி தொடங்கக் காரணமே ஒரு கடி. காடைக்குஞ்சை ஐஸ் விட வைத்த கையைச் சவர்க்காரம் போடாமல் வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு, தண்ணீர்த் தொட்டியை எடுக்கக் கூட்டுக்குள் கையை விட்டேன். அவனுக்கு அது கையில்லை, காடை. வலது பெருவிரலின் அடிச்சதையைக் கவ்வினான். உடும்புப்பிடி என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை. பிடித்தபடியே தலையை இரண்டு பக்கமும் அசைக்கிறான். அறுப்பது அந்த அசைவுதான். பல் பின்னோக்கி வளைந்தது, விளிம்பு அரம் போன்றது. இழுத்தால் என் சதையும் கிழியும், அவன் பல்லும் முறியும். அதனால் கையை மெதுவாகத் தொட்டித் தண்ணீருக்குள் இறக்கினேன். கால் நிலத்தில் பட்டு, தலை நனைந்ததும் விட்டான். மணி ஏழு இருபது.

நான்கு கீறல், பிளேடால் இழுத்தது போல மெல்லிய கோடுகள். ஆழமும் பெரிதில்லை. ஆனால் துணியை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கலந்தது போன்ற இளஞ்சிவப்பு வழிந்துகொண்டே இருந்தது. உறைந்து கட்டியான ஒரு துளியைக்கூட நான் காணவில்லை. பத்து நிமிடத்தில் பெருவிரல் வீங்கி மடிக்க முடியாமல் போனது. வலி மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை விண்விண் என்று தெறித்தது. இரத்தம் எட்டே காலுக்குத்தான் நின்றது. சமையலறைக் கத்தி இதைவிட ஆழமாக வெட்டியபோதுகூட ஐந்து நிமிடத்தில் நின்றிருக்கிறது.

நஞ்சுத் தகவல் மையத்தை (13 11 26) அழைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போனேன். காயத்தைத் தைக்காமல் நன்றாகக் கழுவினார்கள், நரம்பும் தசைநாணும் பார்த்தார்கள், டெட்டனஸ் ஊசி போட்டார்கள், இரத்தம் உறையும் சோதனையும் எடுத்தார்கள். சோதனை சரியாகவே இருந்தது. காலையில் வீக்கம் பாதி வற்றிவிட்டது.

அம்மா வவுனியாவில் இருக்கிறார். போனில் சொன்னதும் முதல் கேள்வி: “தம்பி, கடிச்சது உடும்போ, கபரகொயாவோ?”

“ரெண்டும் இல்லையம்மா, இது இந்த நாட்டு உடும்பு.”

“அப்ப டொக்டரிட்டப் போ.”

இலங்கையில் பிறந்த எவருக்கும் இந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும். தரையில் திரியும் உடும்பைப் பிடித்துக் கறி வைப்பார்கள். தண்ணீரில் கிடக்கும் கபரகொயாவை நஞ்சு என்று தொடமாட்டார்கள். தலகொயாவை (தரை உடும்பை) தின்பார்கள், கபரகொயாவைத் தின்னமாட்டார்கள் என்று 1681-இலேயே ராபர்ட் நாக்ஸ் எழுதி வைத்திருக்கிறார். இரண்டும் ஒரே பேரினம், வரானஸ். ஊர் நம்பிக்கை கறியைப் பற்றியது, கடியைப் பற்றியதல்ல. கடியைப் பற்றிய ஆராய்ச்சி நான் இருக்கும் இந்த நகரத்தில்தான் தொடங்கியது என்பதை நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் அப்போது இருந்த பிரையன் ஃபிரை குழு 2006-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. உடும்பின் கீழ்த்தாடையில் புரதம் சுரக்கும் சுரப்பி இருக்கிறது, அந்தப் புரதங்களில் சில பாம்பு விஷத்தில் உள்ளவற்றோடு ஒரே குடும்பம் என்றார்கள். பாம்புக்கு நச்சுச் சுரப்பி மேல்தாடையோடு சேர்ந்தது, உடும்புக்குக் கீழே. துளையுள்ள நச்சுப்பல்லும் கிடையாது, ஹீலா மான்ஸ்டருக்கு இருப்பது போன்ற பள்ளம் விழுந்த பல்லும் கிடையாது. குழாய்கள் பற்களுக்கு இடையில் திறக்கின்றன, எச்சிலோடு கலந்து காயத்தில் ஊறுகிறது. (ஹீலா மான்ஸ்டரின் பெயர் மானிட்டர் போல ஒலிப்பதால் பலர் குழம்புகிறார்கள். அது வேறு குடும்பம், உண்மையான விஷப்பல்லி, உடும்பல்ல.) லேஸ் மானிட்டர் கடித்தவர்களிடம் பார்த்ததாக அந்தக் குழு சொன்னவை: நிமிடங்களில் வீக்கம், காயத்தில் இரத்தம் உறையாமை, முழங்கை வரை தெறிக்கும் வலி. இதை நான் கடிபடுவதற்கு முன்பே வாசித்திருந்தேன். அதனால் என் வலியில் எவ்வளவு உடம்பு சொன்னது, எவ்வளவு நினைவு சொன்னது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

2009-இல் கொமோடோ டிராகனின் சுரப்பியை அதே குழு ஆராய்ந்தது. 2019-இல் பல உடும்பு இனங்களின் சுரப்பை மனித ஃபைப்ரினோஜனோடு சேர்த்துப் பார்த்து, அது அந்தப் புரதத்தை வெட்டிப் பயனில்லாமல் ஆக்குகிறது என்று காட்டியது. இரத்தம் உறைந்து வலை பின்ன ஃபைப்ரினோஜன்தான் நூல். துணியில் வழிந்த அந்த இளஞ்சிவப்பைப் பார்த்த பிறகு இந்தத் தகவல் எனக்கு மனதோடு ஒட்டிக்கொண்டது.

எதிர்த்தரப்பும் வலுவானது. வேல்ஸின் பாங்கர் பல்கலைக்கழகக் குழு 2014-இல், ஊர்வனவற்றில் ‘விஷ மரபணு’ என்று சொல்லப்பட்டவற்றில் பல உடம்பின் மற்ற உறுப்புகளிலும் சாதாரணமாக வேலை செய்கின்றன என்று காட்டியது. சுரப்பி எச்சிலுக்கும் செரிமானத்துக்கும் உதவலாம். இரையை வீழ்த்தப் பயன்பட்டால்தானே விஷம் என்று சொல்லலாம் என்பது இவர்கள் வாதம். அதே 2014-இல் இந்தியாவில் இருந்து, உடும்பு கடித்துச் சிறுநீரகம் செயலிழந்து ஒரு பெண் இறந்ததாக ஒரு மருத்துவ அறிக்கை வந்தது. அறிகுறிகள் கண்ணாடி விரியன் கடியைத்தான் ஒத்திருக்கின்றன, கடித்தது உடும்புதானா என்று வேறு நிபுணர்கள் கேட்டார்கள். அந்த அறிக்கையைக் காட்டி ‘உடும்பு கடித்தால் சாவு’ என்று பயமுறுத்துவது தவறு.

என் நிலைப்பாடு இதுதான். அதை விஷம் என்பதா வேண்டாமா என்று ஆராய்ச்சியாளர்கள் தீர்க்கட்டும். வளர்ப்பவன் என்ற முறையில், இரத்தம் நிற்கத் தாமதமாகும் ஒரு கடி என்று எடுத்துக்கொண்டு வேலை செய்கிறேன். மாற்றுமருந்து எதுவும் கிடையாது, அழுத்திப் பிடிப்பதும் கழுவுவதும்தான் வைத்தியம். அதனால் கூட்டைத் திறக்கும்போது வீட்டில் இன்னொரு ஆள் இருக்க வேண்டும். மாமா வார்ஃபரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) எடுக்கிறார். அவர் வரும் நாட்களில் அந்த அறைக்குப் பூட்டு. தோளில் போட்டுப் படம் எடுக்கும் பழக்கத்தை நான் அடியோடு விட்டுவிட்டேன். வாலிபன் ஆகும்போது இவன் ஒன்றரை மீட்டரைத் தாண்டுவான். அந்த வாய்க்குப் பழக்கம் இப்போதே வர வேண்டும்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். 110 செ.மீ. நீளம், 45 அகலம், பிளைவுட், மேலிருந்து இறங்கும் பொலிகார்பனேட் கதவு. இலக்குக் குச்சியைக் காட்டி, அவன் மூக்கால் தொட்டதும் நாக்கால் ஒரு ‘டொக்’, உடனே ஒரு கரப்பான். எல்லோரும் செய்வதுதான். ஆனால் முதல் மூன்று வாரம் அவன் குச்சியைத் தொடவில்லை, பாய்ந்து கடித்தான். நுனியில் வெள்ளை டேபிள் டென்னிஸ் பந்து வைத்திருந்தேன். லேஸ் மானிட்டர் முட்டை திருடும் சாதி. வெள்ளையாக உருண்டையாக எதைக் காட்டினாலும் அது முட்டைதான். நீல நிறத் தட்டையான பிளாஸ்டிக் மூடிக்கு மாற்றியதும் இரண்டே நாளில் கடிப்பது நின்றது.

அடுத்தது இடுக்கி. ஸ்டீல் இடுக்கியில் பல் படும்போது வரும் அந்த ‘கிர்ர்’ சத்தம் எனக்கே பல் கூசும். உடும்புக்குப் பல் திரும்ப முளைக்கும் என்றாலும் ஈறு புண்ணாகிறது. இங்கே மெல்பேர்ணின் ஸ்பிரிங்வேலில் ஒரு வியட்நாமியக் கடையில் பொரிப்பதற்கான நீண்ட மூங்கில் இடுக்கி கிடைக்கிறது, 40 செ.மீ. இருக்கும், விலையும் மலிவு. ஊர்வனக் கடையில் இதே நீளத்துக்குக் கேட்கும் விலையில் இதில் ஆறு வாங்கலாம். மூன்று வாங்கினேன். இரண்டு வாரத்துக்கு ஒன்று பிசிறு கிளம்பும், தூக்கிப் போட்டுவிடலாம்.

உண்மையான தலைவலி கதவு. நான்காம் வாரத்தில் உள்ளே போகத் தொடங்கினான். கதவு ‘சர்ர்’ என்று இறங்கும் சத்தத்தில் திரும்பிப் பாய்ந்து வெளியே வந்துவிடுவான், அப்புறம் மூன்று நாள் பெட்டிப் பக்கமே வரமாட்டான். கதவு ஓடும் தவாளிப்பை உரசித் தேய்த்தேன், பலனில்லை. சிலிக்கோன் எண்ணெய் போட்டேன். அதன் வாசத்தை நாக்கால் முகர்ந்துவிட்டு வாசலிலேயே நின்றான். கடைசியில் வாசமில்லாத மெழுகுதிரியைத் தவாளிப்பு முழுக்கத் தேய்த்து, அடியில் ஃபெல்ட் துணி ஒட்டினேன். பிறகு உடனே முழுதாக மூடவில்லை. ஒரு வாரம் நான்கு விரற்கடை மட்டும் இறக்கி ஏற்றினேன், அடுத்த வாரம் பாதி, அதற்கடுத்த வாரம் முழுவதும். அவனுடைய பழைய மரப்பட்டை ஒன்றையும் உள்ளே வைத்தேன். சொந்த வாசம் இருந்தால் உள்ளே நிற்கிறான்.

வயிறு நிரம்பிய நாளில் இன்னும் வருவதில்லை, அது மிச்ச வேலை. அதற்குள் வெளிக்கூட்டுக்கு அளவெடுத்துவிட்டேன்: நான்கு மீட்டர் நீளம், ஒரு பக்கம் தகரச் சுவர், உள்ளே சூடேற்றும் இரவறை. அந்த இரவறையையே பெரிய மாற்றுப் பெட்டியாக வைக்கலாம் என்று யோசனை. கதவை வெளியிலிருந்து கயிற்றால் இறக்கலாம். கனமான கதவைச் சத்தமில்லாமல் இறக்கியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

மெழுகு இன்னொரு தடவை பூச வேண்டும். இன்று காலை கதவை இறக்கும்போது மெல்லிய உரசல் ஒன்று கேட்டது. வரியன் தலையைத் திருப்பி, நாக்கை ஒரு தடவை நீட்டிப் பார்த்துவிட்டு, மரப்பட்டைக்கு அடியில் போய்ப் படுத்தான்.