ஸ்னோபோர்டை மோவாயில் வைத்து அளக்காதீர்கள்

இரு கால்களையும் பூட்டி நின்று பனிச்சரிவில் சறுக்கும் பலகைதான் ஸ்னோபோர்டு. கடையில் போர்டை நிமிர்த்தி நிறுத்தி, நுனி மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவில் வருகிறதா என்று பார்த்து வாங்குவது பழைய வழக்கம். ஐந்தடி எட்டு அங்குல உயரமுள்ள இருவரில் ஒருவர் 58 கிலோ, மற்றவர் 85 கிலோ என்றால் இருவருக்கும் ஒரே போர்டு எப்படிப் பொருந்தும்? போர்டு வளைவதும் பனியில் மிதப்பதும் எடையைப் பொறுத்தது. முதலாமவருக்கு 150 செ.மீ. பக்கம் போதும். இரண்டாமவருக்கு 160 தேவைப்படும். ஒவ்வொரு மாடலுக்கும் நிறுவனம் தரும் எடை அட்டவணையை முதலில் பாருங்கள். முதுகில் கனமான பை சுமப்பவர் என்றால் அந்தக் கிலோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அட்டவணை காட்டும் அளவிலிருந்து, பார்க்கில் (குதிப்பதற்கான மேடுகள் அமைத்த பனித்திடலில்) குதித்துச் சுழல்பவர் 3 செ.மீ. வரை குறைக்கலாம். ஆழமான பனியிலும் வேகத்திலும் போகிறவர் அதே அளவு கூட்டலாம். கற்றுக்கொள்பவர் அட்டவணையின் கீழ் எல்லையிலேயே இருக்கட்டும். நீளம் கூடினால் திருப்பம் தாமதமாகும்.

நீளத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் அகலத்தை மறந்துவிடுவதுதான் வேடிக்கை. போர்டு குறுகலாக இருந்தால், எட்ஜில் (போர்டின் பக்க விளிம்பில்) நன்றாகச் சாயும்போது பூட்டின் முனை பனியில் உரசும். உரசிய நொடியில் எட்ஜ் பிடி விட்டுப்போகும், ஆள் கீழே. பலர் இதைத் தன் திறமைக் குறைவு என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

கணக்கு எளிது. குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று பாதத்தை அளந்தால் 27.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பூட்டின் அடிப்பாகம் அதைவிட ஏறக்குறைய 2.5 செ.மீ. நீளம், ஆக 30. பாதத்தை 15 டிகிரி திருப்பி நிற்கும்போது குறுக்காக எடுக்கும் இடம் 29 செ.மீ. நடு அகலம் 252 மி.மீ. உள்ள போர்டு, பைண்டிங் (பூட்டைப் போர்டோடு பிணைக்கும் பிடிப்பான்) திருகும் இடத்தில் சுமார் 262 மி.மீ. இருக்கும். இரு பக்கமும் 14 மி.மீ. வெளியே நீட்டும், இது சரியான அளவு. அதே போர்டில் 29.5 செ.மீ. பாதக்காரர் ஏறினால் 24 மி.மீ. நீட்டும், அது உரசும். அவருக்கு நடு அகலம் 264 மி.மீ.க்கு மேல் உள்ள வைட் போர்டுதான். சிறிய பாதக்காரர் வைட் வாங்குவதும் தவறு: ஒரு எட்ஜிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவே காலால் நெம்ப வேண்டியிருக்கும், மாலைக்குள் பாதம் வலித்துவிடும்.

அடுத்தது வடிவம். முன்பின் ஒரே மாதிரி இருப்பது ட்வின்; எந்தப் பக்கமாகவும் ஓட்டலாம், பார்க்குக்கும் பழகவும் ஏற்றது. நுனி நீண்டு, பைண்டிங் பின்தள்ளி இருப்பது டைரக்ஷனல். காஷ்மீரின் பனிச்சறுக்குத் தலமான குல்மார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 2,650 மீட்டரில் இருக்கும் அடிவாரச் சரிவில் பழகுவதற்கு ட்வின் போதும். கொண்டோலாவில் (கம்பிவட ஊர்தியில்) அபர்வாத் மலையின் உச்சிப் பக்கம் போனால் சமன்படுத்தாத ஆழ்பனி. அங்கே ட்வின்னின் நுனி மூழ்கும். மூழ்காமலிருக்கப் பின்னங்காலில் சாய்ந்து சாய்ந்து தொடை எரியும். நுனி அகலமாகவும் வால் குறுகலாகவும் உள்ள போர்டில் வால் தானாக அமிழ்ந்து நுனி மேலே நிற்கும். நீளம் குறைத்து அகலம் கூட்டிய போர்டுகளும் உண்டு. அவற்றை வழக்கமான அளவைவிட 4, 5 செ.மீ. குட்டையாகவே எடுக்க வேண்டும்.

போர்டின் அடிப்பக்க வளைவு கேம்பரா ராக்கரா என்று பார்க்க, போர்டைச் சமதளத்தில் வைத்து நடுவில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் கேம்பர்: கெட்டிப் பனியில் எட்ஜ் நன்றாகப் பிடிக்கும், ஆனால் தவறாகச் சாய்ந்தால் மன்னிக்காது. நடு தரையில் படிந்து இரு முனைகளும் தூக்கி நின்றால் ராக்கர்: ஆழ்பனியில் மிதக்கும், ஐஸில் வழுக்கும். இரண்டும் கலந்ததே பெரும்பாலோருக்குப் போதும். போர்டின் விறைப்பைச் சொல்லும் ஃப்ளெக்ஸ் எண்ணை மட்டும் ரொம்ப நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்தின் 5 இன்னொருவருக்கு 7.

ஒரே ட்வின்னை வைத்துக்கொண்டு ஆழ்பனிக்குப் போகிறீர்கள் என்றால், இரண்டு பைண்டிங்குகளையும் ஒரு துளை பின்னே நகர்த்துங்கள். 2 செ.மீ. இடைவெளித் துளைகள் உள்ள போர்டில் அதுவே வித்தியாசம் தெரியும். இரண்டு முறை சறுக்கி இறங்கி முடிந்ததும் திருகுகளை இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள்.