எம்.ஆர்.டி. வேலை: என்ன செய்ய வேண்டும், என்ன சம்பளம்?

நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன பிறகுதான் எம்.ஆர்.டி. எனப்படும் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்கு வேலை ஆரம்பிக்கிறது. அன்றைய டிஸ்சார்ஜ் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வார்டிலிருந்து வந்த கேஸ் ஷீட்டுகளை ஐ.பி. (உள்நோயாளி) நம்பர் வாரியாகச் சரிபார்க்க வேண்டும். வராததை அன்றே கேட்டு வாங்குங்கள். நாலு நாள் விட்டால் அது பில்லிங்கிலா, இன்சூரன்ஸ் டெஸ்கிலா என்று தேடி அலைய வேண்டியதுதான்.

அடுத்தது குறை பார்ப்பது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து, ஆபரேஷன் நோட், மயக்க மருந்துத் தாள், டிஸ்சார்ஜ் சம்மரியில் இறுதி நோய்முடிவு, இந்த நான்கில்தான் பெரும்பாலும் ஓட்டை இருக்கும். பயிற்சி டாக்டர் போஸ்டிங் மாறிப் போய்விட்டால் கையெழுத்து வாங்குவது பெரும்பாடு.

திறமை தெரியும் இடம் கோடிங், அதாவது நோய்க்கு உரிய குறியீட்டு எண் போடுவது. கேஸ் ஷீட்டில் வெறும் 'டி.எம்.' (சர்க்கரை நோய்) என்று இருந்தால், நோய்களுக்கான சர்வதேசக் குறியீட்டுப் பட்டியலான ஐ.சி.டி.-10-இல், வகை குறிப்பிடாத சர்க்கரை நோய்க்கான இ14-க்குத்தான் போக முடியும். டைப் 2, காலில் கேங்ரீன் (சதை அழுகல்) என்று டாக்டர் எழுதியிருந்தால் அது இ11.5. ஆகவே ஊகித்துப் போடாதீர்கள், டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். இறப்புக் காரணச் சான்றான படிவம் 4-இலும் இதே சிக்கல்தான். 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' (இதயமும் மூச்சும் நின்றது) என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பி அனுப்பத் தயங்க வேண்டாம். அது உயிர் போன விதம். எந்த நோயால் போனது என்பதுதான் அங்கே வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரிகளில் ஃபைல்களை எண்ணின் கடைசி இரண்டு இலக்கப்படி அடுக்குவார்கள்: 12-34-56 என்றால் முதலில் 56-ஆம் பகுதி, அதில் 34, பிறகு 12. ஃபைல் வெளியே போனால் அந்த இடத்தில், அது எங்கே போயிருக்கிறது என்று குறிக்கும் டிரேசர் கார்டு கட்டாயம். எம்.எல்.சி. (போலீஸ், சட்டம் சம்பந்தப்பட்ட கேஸ்) ஃபைல்களுக்குத் தனிப் பூட்டு.

2002 மருத்துவக் கவுன்சில் விதிமுறைப்படி, உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வழக்கு நடக்கும் ஃபைலை 3 ஆண்டு முடிந்தது என்று கழித்துவிடக் கூடாது.

இனி சம்பளம். ஏழாவது ஊதியக் குழுவின்படி எய்ம்ஸில் மெடிக்கல் ரெக்கார்ட் டெக்னீஷியன் லெவல் 4, தொடக்க அடிப்படை ஊதியம் 25,500 ரூபாய். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி. தனியாரில் இப்படி ஒரே அளவு கிடையாது. கோடிங் தெரிந்தவரையும் கிளார்க் கணக்கில் சேர்த்துச் சம்பளம் பேசுவார்கள், அது நியாயமே இல்லை. சேரும் முன் பி.எஃப். உண்டா, நைட் டியூட்டி உண்டா, கோடிங் யார் பொறுப்பு என்பதை ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.