வாலோடு சேர்த்து அளந்த கதை

எங்கள் லாப்ரடார் நாய் பீமனுக்குக் கூண்டு வாங்குவது என்று முடிவானதும், அளவெடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். டேப்பைப் பிடிப்பதில் என்ன பெரிய வித்தை?

டேப்பைப் பார்த்ததும் அது தனக்கு வந்த விளையாட்டுச் சாமான் என்று பீமன் தீர்மானித்துவிட்டான். ஒரு முனை என் கையில், மறுமுனை அவன் வாயில். ஒருவழியாக மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்தேன். 51 அங்குலம். தாராளமாக இருக்கட்டும் என்று 3 சேர்த்தால் 54. கடையிலும் 42, 48, 54 என்று இருந்தது. என் கணக்கை நானே மெச்சிக்கொண்டேன்.

கூண்டை விரித்து நிறுத்தியதும் கூடத்தைக் காணோம்.

"என்னங்க, இது நாய்க்கா, கன்னுக்குட்டிக்கா?" என்றாள் மனைவி.

பீமன் உள்ளே போகவில்லை. பிஸ்கட் போட்டால், பின்கால்களை வெளியிலேயே ஊன்றிக்கொண்டு, கழுத்தை நீட்டி எடுத்துவந்தான். சரி, செய்து காட்டுவோம் என்று நான் மண்டியிட்டு உள்ளே நுழைந்தேன். திரும்பி, சாய்ந்து உட்காரவும் முடிந்தது. பின்னாலேயே வந்த பீமன் ஒரு சுற்றுச் சுற்றி, வாசலை அடைத்துப் படுத்துத் தூங்கிவிட்டான். 32 கிலோ. அசைப்பதாவது!

வேறு வேலையில்லாமல், உள்ளே உட்கார்ந்தபடியே செல்போனில் அளவு முறையைப் படித்தேன். வாங்குவதற்கு முன்பு படித்திருக்க வேண்டியதுதான். நாய் தலை இடிக்காமல் நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, 2 முதல் 4 அங்குலம் சேர்க்க வேண்டும்.

வால் தொடங்கும் இடம்!

"வால் மடங்கும்லப்பா" என்றாள் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள். 14 அங்குல வாலுக்கு நான் தனி அறையே கட்டியிருந்தேன்.

குட்டியாக இருந்தால் பெரிய கூண்டையே வாங்கி, நடுவில் தடுப்பு வைத்து, வளர வளர நகர்த்தலாம். இடம் அதிகமானால் ஒரு மூலையில் படுத்து இன்னொரு மூலையை அசிங்கம் பண்ணிவிடும், அதற்குத்தான். பீமனுக்கோ நான்கு வயது. அன்றைக்குத் தடுப்பு தேவைப்பட்டது எனக்குத்தான்.

மறுபடி அளந்தோம், 37 அங்குலம். உட்காரவைத்து உயரம் அளப்பதுதான் பாடாய்ப் படுத்தியது. பிஸ்கட் காட்டாமல் உட்கார மாட்டான். காட்டினால் தலை மேலே எழும்பிவிடும்.

பெரியதைத் திருப்பிக் கொடுத்து 42 அங்குலக் கூண்டு வாங்கினோம். பீமன் தானாகவே உள்ளே போய்ப் படுத்தான், வாலை மட்டும் கம்பிக்கு வெளியே விட்டுக்கொண்டு.