விதையிலிருந்து பெல்லட்டுக்கு: டர்பனில் இரண்டு காக்டெயில் கிளிகள், எட்டு வாரம்

விதை தின்று பழகிய காக்டெயில் கிளிகளைப் பெல்லட்டுக்கு, அதாவது சத்துகள் கலந்து உருட்டிய தயார் தீனிக்கு, மாற்றும் முயற்சி இது. ஜூன் முதல் வாரம் தொடக்கம். இடம் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலுள்ள சாட்ஸ்வொர்த். மூன்று வயதான ஓர் ஆண், ஒரு பெட்டை. ஆண் 96 கிராம், பெட்டை 91 கிராம். அதுவரை உணவு, கடையில் கிலோக் கணக்கில் அள்ளித் தரும் கலவைதான்: பபாலா, சிவப்பு மன்னா, கேனரி விதை, சூரியகாந்தி. பபாலா என்பது நம் கம்பு, மன்னா நம் தினை. நல்ல தானியங்கள்தான், ஆனால் அவற்றில் வைட்டமின் ஏ ஏறக்குறைய இல்லை, கால்சியமும் மிகக் குறைவு. போதாததற்குப் பறவை முதலில் சூரியகாந்தியைத்தான் பொறுக்கும். அதன் பருப்பில் பாதி எண்ணெய். ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் ஈரலில் கொழுப்பு ஏறும், மூக்கிலும் தொண்டையிலும் தொற்று வந்துகொண்டே இருக்கும்.

குளிர்காலத்தில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. டர்பனில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நறுக்கிய காய் இரண்டு மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கிவிடும். ஜூனில் பகல் 22, 23 டிகிரி, காற்றும் உலர்ந்தது. பெட்டை முட்டையிட நினைக்கும் காலமும் அல்ல. ஜொகானஸ்பர்க் பக்கம் இதே மாதத்தில் இரவு பூஜ்யத்தை ஒட்டி இறங்கும், எடை குறையும் பறவைக்கு அது ஆபத்து. அங்கே மார்ச், ஏப்ரல் நல்லது.

முதல் வாரம் உணவில் எந்த மாற்றமும் இல்லை, அளவெடுப்பு மட்டும். 1 கிராம் வரை காட்டும் கிச்சன் தராசின் மேல் ஒரு குச்சியை நிறுத்தி, காலையில் முதல் பெரிய எச்சம் போட்ட பிறகு, தீனிக்கு முன் எடை. ஒரு பறவைக்கு நாளுக்கு 10 முதல் 12 கிராம் விதை, அதாவது இரண்டு டீஸ்பூன், காலை பாதி மாலை பாதி. நாள் முழுவதும் கிண்ணம் நிரம்பியிருந்தால் புது உணவைத் தொட்டுப் பார்க்க அதற்குப் பசியே வராது. கிண்ணத்தைக் கண்ணால் பார்த்துக் கணக்குப் போடவும் கூடாது. மேலே கிடப்பது வெறும் உமியாக இருக்கும். நிறைய இருக்கிறது என்று விட்டுவிட்டுப் பறவையைப் பட்டினி போட்டவர்கள் உண்டு.

இரண்டாம் வாரம் பெல்லட்டைப் பொடித்து, நான்கு பங்கு விதைக்கு ஒரு பங்கு என்று கலந்தது. இது பலிக்கவில்லை. காக்டெயில் ஒவ்வொரு விதையையும் அலகில் உருட்டித் தோலை நீக்கித்தான் விழுங்கும். தோலில் ஒட்டிய பொடி தோலோடு கீழே போகிறது. பலர் வாரக்கணக்கில் செய்துவிட்டு ஏன் நடக்கவில்லை என்று கேட்பது இதனால்தான்.

மூன்றாம் வாரம் முளைவிட்ட கம்பும் தினையும். எட்டு மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டியில் ஒரு நாள், நாளுக்கு மூன்று முறை அலசல். வால் நுனி தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும். முளையில் தோல் மெல்லியது, ஈரத்தில் பொடி பிடித்துக்கொள்ளும். துருவி ஆவியில் வேகவைத்த பட்டர்நட் பூசணி ஒரு ஸ்பூன், முளை இரண்டு ஸ்பூன், பெல்லட் பொடி ஒரு ஸ்பூன் பிசைந்து வைத்ததும் ஆண் இரண்டாம் நாளே தின்றது. புளிப்பு வாடை வந்தால் முழுவதையும் கொட்டிவிட வேண்டும், அலசிச் சரிசெய்ய முடியாது. நடவுக்காக விற்கும் சாயம் பூசிய விதையை முளைகட்டவே கூடாது, அது பூஞ்சைக்கொல்லி மருந்து.

நான்காம் வாரம் பெட்டை 86 கிராம். 5 சதவீதம் இறங்கினால் முந்தைய படிக்குத் திரும்புவது என்று முன்பே முடிவு செய்திருந்தபடி, அன்றே பழைய விதை அளவு திரும்பியது. 10 சதவீதம், அதாவது 82 கிராம் என்றால் மாற்றத்தை அடியோடு நிறுத்திப் பறவை மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. எடைக்கு முன்பே எச்சம் சொல்லிவிட்டது: எண்ணிக்கை குறைந்து, சிறுத்து, கரும்பச்சையாக. பெல்லட் உள்ளே போனால் எச்சம் பருத்துப் பழுப்பாக வரும். இந்த நிறத்தைப் பார்க்கவாவது சாயமில்லாத பெல்லட் வாங்குங்கள். கலர் பெல்லட் எச்சத்தையும் கலராக்கிவிடும்.

பெட்டையை மாற்றியது இடமாற்றம்தான். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் இந்தப் பறவைகள் தரையில் மேய்கின்றன. உயரத்தில் தொங்கும் கிண்ணத்தில் புதுப் பொருள் அதற்கு அச்சம். கூண்டுத் தரையில் வெள்ளைத் தாள் விரித்துத் தட்டையாகப் பரப்பி, விரல் நகத்தால் கொத்துவதுபோல் தட்டினால் இறங்கி வருகிறது. ஆண் தின்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தது இன்னும் பெரிய பாடம். ஐந்தாம் வாரக் கடைசியில் பெட்டை முழுப் பெல்லட்டையே நொறுக்கித் தின்றது.

கீரையில் முருங்கைக்கு ஈடில்லை. வைட்டமின் ஏ-க்கு மூலமான கரோட்டினும் கால்சியமும் ஒரே இலையில். கொல்லையில் ஒடித்த காம்பை அலசி, உதறாமல், துணி மாட்டும் கிளிப்பால் குச்சியின் உயரத்தில் தொங்கவிட்டால் முதலில் அதில் குளிக்கும், பிறகு கடிக்கும். சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் ஸ்பினாச் என்று வாங்கும் கட்டு பெரும்பாலும் சுவிஸ் சார்ட், பீட்ரூட் இனக் கீரை. அதிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

காய்க்கலவை: பட்டர்நட் 100 கிராம், கேரட் 50, சிவப்புக் குடைமிளகாய் பாதி, முருங்கையிலை ஒரு கைப்பிடி, கொத்தமல்லி கொஞ்சம், இளம் மீலி (மக்காச்சோளம்) இரண்டு ஸ்பூன். தண்ணீர் வடித்து ஐஸ் தட்டில் உறையவைத்தால் ஒரு கட்டி இரண்டு பறவைக்கு ஒரு காலை. மின்வெட்டில் உருகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது.

அவகாடோ பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும், இங்கே முற்றத்துக்கு ஒரு மரம் நிற்கிறது. பழம், தோல், கொட்டை, இலை எதுவும் ஆகாது. அதிலுள்ள பெர்சின் என்ற நச்சு பறவையின் இதயத் தசையைத் தாக்கும். அவகாடோ அரிந்த கத்தியையும் பலகையையும் கழுவாமல் பறவைக்குக் காய் நறுக்க வேண்டாம். வெங்காயம், சாக்லேட், காபி, உப்பு போட்ட நொறுக்குத்தீனி இவையும் விலக்கு.

எட்டாம் வாரம்: ஆண் 92, பெட்டை 88, மூன்று நாளாக அசையாத எடை. உலர் உணவில் மூன்றில் இரண்டு பங்கு பெல்லட், மீதி சூரியகாந்தி இல்லாத விதை, காலையில் காய்க்கலவை. சூரியகாந்தி கையில் பழக்குவதற்கு மட்டும், நாளுக்கு நாலைந்து. பெல்லட் தின்னும் பறவைக்குத் தண்ணீரில் வைட்டமின் சொட்டு விடுவதில்லை. வைட்டமின் ஏ-யும் டி-யும் மிஞ்சினால் அதுவே நோய், தண்ணீரிலும் கிருமி வளரும். கால்சியத்துக்குக் கணவாய் ஓடு ஒன்று எப்போதும் கூண்டில் உண்டு.

ஆகஸ்ட் கடைசியில் பகல் நன்றாக நீண்டதும் முளைப்பயிரும் வெதுவெதுப்பான கலவையும் நிறுத்தம். மென்மையான உணவு தாராளமாகக் கிடைப்பதும் பெட்டையை முட்டைக்குத் தூண்டும், வரிசையாக முட்டையிட்டால் எலும்பிலுள்ள கால்சியம் கரையும். புரட்டாசியில் அடுக்களை நிறையக் காய் இருந்தாலும் பறவைக்குக் குளிர்ந்த, நறுக்கிய கலவை மட்டும், அளவு பாதி. எடை வாரம் இரு முறை.