டடி மமி, டடி மமி

கல்லூரி மலர்க் குழுவிலிருந்து தம்பி ஒருவர் ரெலிபோன் எடுத்து, "அண்ணை, நீங்கள் பாண்டில இருந்தனீங்கள்தானே, அதைப் பற்றி எழுதித் தாங்கோ" என்று கேட்டபோது உடனே ஓம் என்றுவிட்டேன். எழுதக் குந்திய பிறகுதான் தெரிந்தது, பாண்டைப் பற்றி எழுதினால் ஆமியைப் பற்றியும் எழுதவேண்டி வரும் என்று. கதை கொஞ்சம் சுற்றிப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி பாண்டில் நான் சைட் ட்ரம் அடித்தது 1971 முதல் 1975 வரை. பழக்கியவர், வெள்ளைக்காரன் காலத்தில் சிலோன் லைற் இன்ஃபன்ரியில் இருந்தவர். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட அன்று தான் அங்கேதான் நின்றதாகச் சொல்லுவார், ஆனால் அதற்கு மேல் ஒரு வசனம் வராது. மெலிந்த, கறுத்த மனிதர். காக்கிக் காற்சட்டைக்குக் கஞ்சி போட்டு, தொட்டால் விரலை வெட்டும் போல மடிப்பு வைத்திருப்பார். நாங்கள் வைத்த பட்டம் 'ஆமி மாஸ்டர்'. அவர் காதுபடவே சொல்லுவோம், அவருக்கும் அது பிடிக்கும். ஆமி என்றால் அன்றைக்கு எங்களுக்கு அவ்வளவுதான், கஞ்சி போட்ட காற்சட்டை.

முதல் ஒரு மாதம் ட்ரம்மைத் தொடவே விடவில்லை. பலகைத் துண்டில் பழைய சைக்கிள் ரியூப்பை ஆணியடித்து, அதிலேதான் தட்டவேண்டும். வலக்கையால் இரண்டு தட்டு, அது 'டடி'. இடக்கையால் இரண்டு, அது 'மமி'. டடி மமி டடி மமி என்று வாயால் சொல்லிச் சொல்லி, முதலில் மாட்டுவண்டி போகிற வேகத்தில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போக, ஒரு கட்டத்தில் சொற்கள் கரைந்து சுளகிலிருந்து அரிசி கொட்டுகிற சத்தம் மட்டும் மிஞ்சும். அது வந்த அன்றுதான் ட்ரம்மைத் தோளில் மாட்ட விட்டார். டடி மமி என்பது மாஸ்டரே எங்களுக்காக ஆக்கிய சொல் என்றுதான் நான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இல்ல விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, அணிநடை, வெயிலில் ட்ரம் விளிம்பு தொடையில் இடித்து இடித்துக் கண்டிப்போனது, இதெல்லாம் என் வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. சைட் ட்ரம்மில் ஆறு பேர் இருந்தோம். இரண்டு பேர் பிறகு இயக்கத்துக்குப் போனார்கள். ஒருவன் திரும்பி வரவில்லை. 83க்குப் பிறகு ஊரில் ஒருவரும் 'ஆமி மாஸ்டர்' என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் வெறும் மாஸ்டர் ஆகிவிட்டார். அந்தக் காக்கிக் காற்சட்டையும் போடுவதில்லை என்று அம்மா ஒரு கடிதத்தில் எழுதியிருந்தா.

நான் நியூ ஜேர்சிக்கு வந்து சேர்ந்தது 1986இல். பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரர், அப்போது அவருக்கு நாற்பது வயதுதான், ஆனால் தலை முழுக்க நரை. சனிக்கிழமைகளில் கராஜைத் திறந்துவைத்து றப்பர் பலகையில் தட்டிக்கொண்டிருப்பார். அவருடைய தொப்பியில் எழுதியிருந்ததை நான் 'ட்ரம் கோர்ப்ஸ்' என்று வாசித்தேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சொன்னது பிணத்துக்குரிய சொல்லாம், இதைக் 'கோர்' என்றுதான் சொல்லவேண்டுமாம். அப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது.

அவர் தட்டியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். தடியை என்னிடம் நீட்டினார். பதினொரு வருடம் தொடாத கை, முதல் நாலு தட்டு நொண்டியது, பிறகு தானாகவே ஓடத் தொடங்கியது, வாயும் என்னையறியாமல் முணுமுணுத்திருக்கவேண்டும். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, "இப்ப என்ன சொன்னாய்?" என்றார். டடி மமி என்றேன். அவருக்குப் பழக்கியவரும் அதையேதான் சொன்னாராம். அந்தப் பழக்கியவர் கொரியாவில் சண்டை பிடித்தவர். பிரித்தானியப் படையிலும் அமெரிக்கப் படையிலும் நூறு வருடத்துக்கு மேலாக ட்ரம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த சொல் அது. எங்கள் மாஸ்டரின் சொந்தச் சரக்கு இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

இந்த ட்ரம் கோர் விஷயம் நம்மவர் பலருக்குத் தெரியாது. தொடக்கத்தில் பியூகிள் என்ற ஊதுகருவியும் ட்ரம்மும் மட்டும் வைத்து, சீருடையில் மைதானம் முழுக்க நடந்து உருவங்கள் போட்டுப் போட்டி போடுகிற கூட்டம். தொடங்கியவர்கள் முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்கள். 1919இல் அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படையினர் சங்கம் தொடங்கியபின், ஊர் ஊராக இருந்த அதன் மண்டபங்களில் இந்தக் கோர்கள் முளைத்தன. போர் முடிந்து மிச்சமாய்க் கிடந்த பியூகிள்களும், பின்னேரங்களில் என்ன செய்வதென்று தெரியாத ஆண்களும் இருந்தால் வேறென்ன வேண்டும்? நாங்கள் இன்றும் பழகுகிற ட்ரம் அடிகளில் 26ஐ ஒரு பட்டியலாக்கிய ட்ரம்காரர் சங்கத்தை 13 பேர் சேர்ந்து தொடங்கியதும் 1933இல் சிக்காகோவில் நடந்த லீஜன் மாநாட்டின்போதுதான். இரண்டாம் போர் வந்ததும் பல கோர்கள் ஆளில்லாமல் மூடிக்கிடந்தன. திரும்பி வந்தவர்கள் மறுபடி தொடங்கினார்கள். எங்கள் பக்கத்து ஹோதோர்ன் கபயேரோஸ் என்ற கோர் 1946இல் அப்படித் தொடங்கியதுதான், லீஜன் கிளையொன்றின் ஆதரவில்.

பழைய போட்டி விதிகளைக் கேட்டால் எங்கள் மாஸ்டர் கண்ணீர் விட்டிருப்பார். இறங்குமுன் சப்பாத்து, பித்தான் எல்லாம் பரிசோதனை, அழுக்கிருந்தால் புள்ளி வெட்டு. தேசியக் கொடிக்கு மரியாதை குறைந்தால் புள்ளி வெட்டு. நடுவர்கள் பலகையும் பென்சிலுமாக வரிசைக்குள்ளே புகுந்து, ஒவ்வொரு பிழைக்கும் ஒரு கோடு போட்டு அதையும் கழிப்பார்கள். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் துப்பாக்கி வெடி.

அந்த வெடியில்தான் பக்கத்து வீட்டுக்காரரின் கதை இருக்கிறது. கிறிஸ்தவக் கோவில் பங்கு ஒன்று நடத்திய பையன்கள் கோரில் பதினொரு வயதில் சேர்ந்தவர். அங்கே 21 வயதோடு வெளியே போகவேண்டும், ஆனால் அவருக்கு அந்த வயது வருமுன் 1967இல் படைக்கு அழைப்புத் தாள் வந்துவிட்டது. பாண்டில் போடுவார்கள் என்று நம்பிப் போயிருக்கிறார். வியட்நாமில் லொறி ஓட்ட விட்டார்கள். 1969இல் திரும்பி வந்து பெரியவர்கள் கோரில் சேர்ந்து முதல் போட்டி. வரிசையில் நிற்கிறார், தடி தயாராக இருக்கிறது, துப்பாக்கி வெடித்தது. அடுத்து அவருக்கு ஞாபகம் இருப்பது, முழங்காலில் இருந்தபடி ட்ரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. நாலு பார் இசை போய்விட்டதாம். நடுவர் வந்து அவருக்கு முன்னால் நின்று பார்த்தாராம். பலகையில் ஒரு கோடும் போடாமல் அடுத்த ஆளிடம் போய்விட்டாராம். "அந்த ஆளும் எங்கேயோ இருந்திட்டு வந்தவன்தான்" என்றார்.

அதே வருடம் டிசம்பர் 1ஆம் திகதி இரவு நடந்ததையும் பலமுறை சொல்லியிருக்கிறார். கட்டாய ஆள்சேர்ப்புக்குப் பிறந்த நாள்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்த இரவு அது. நீல நிறப் பிளாஸ்ரிக் குப்பிகளுக்குள் திகதிகளைப் போட்டு ஒரு கண்ணாடிச் சாடியிலிருந்து எடுத்ததைத் தொலைக்காட்சியில் நேரே காட்டினார்கள். அவர் பையன்கள் கோருக்குப் பழக்கப் போயிருந்த நேரம். பயிற்சியை நிறுத்திவிட்டு மண்டபத்துப் பெட்டிக்கு முன்னால் எல்லாரும் குந்திவிட்டார்கள். முதலில் வந்தது செப்டெம்பர் 14. 195வது இலக்கம் வரை வந்தவர்களைத்தான் பிறகு கூப்பிட்டார்கள், ஆனால் எதுவரை கூப்பிடுவார்கள் என்று அன்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு திகதிக்கும் யாராவது ஒரு பெடியன் எழும்பி வெளியே போனானாம். மிஞ்சியவர்களுக்கு என்ன பழக்குவது என்று தெரியாமல் டடி மமி தட்ட விட்டாராம்.

1972இல் பெரிய கோர்கள் லீஜனிடமிருந்து பிரிந்து, தங்களுக்கென்று ஒரு அமைப்பை வைத்து, விஸ்கொன்சின் வைட்வோட்டரில் முதல் சம்பியன் போட்டி நடத்தின. பியூகிளும் மாறியது, உடுப்பும் மாறியது, வெடியும் போய்விட்டது. கிழவருக்கு, அப்போது கிழவர் இல்லைதான், இதில் கடைசிவரை கோபம். "எங்கட பிள்ளைகளைக் கொண்டுபோய் சேர்க்கஸ் ஆக்கிவிட்டான்கள்" என்பார். எனக்கு அப்படித் தெரியவில்லை. புதுக் கோர்கள் அருமையாக வாசிக்கின்றன. ஆனால் அவரோடு வாதாடிப் பயனில்லை, அது கோவில் கேணியைத் தூர்த்ததைப் பற்றி என் மாமா கதைப்பது போல.

என் மகன் நாலு கோடை அப்படியொரு கோரில் ட்றம்பெற் ஊதினான். பஸ்ஸில் நாடு முழுக்க, பள்ளிக்கூட ஜிம் தரையில் படுக்கை, காலையிலிருந்து இருட்டும்வரை வெயிலில் பயிற்சி, அதற்கு நாங்கள் காசும் கட்டவேண்டும். "காசு குடுத்துப் பிள்ளையை ஆமிக்கு அனுப்பின ஆக்கள் நாங்கள்தான்" என்பா மனைவி. பகிடிதான். 21 வயது முடிகிற வருடம் அவன் ஒரு தாளோடு வந்தபோது பகிடி போய்விட்டது. வாஷிங்ரனில் மரீன் படைக்கென்றே ஒரு ட்ரம் அன்ட் பியூகிள் கோர் இருக்கிறது, 1934இலிருந்து. சிவப்புக் கோட், வெள்ளைக் காற்சட்டை, பார்த்தால் கண் எடுக்க முடியாது. அதற்கு வாசித்துக் காட்டித் தேர்வாகப் போகப்போகிறான்.

இதிலே ஒரு வேடிக்கை. வெள்ளை மாளிகையில் வாசிக்கிற மரீன் பாண்ட்காரர் படைப் பயிற்சிக்குப் போகத் தேவையில்லை. ட்ரம் கோர்காரர் எல்லாரைப் போலவும் பயிற்சி முகாமுக்குப் போய், துவக்குச் சுட்டு, முழு மரீனாக வந்துதான் பியூகிளைத் தொடலாம். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினா. நான் அதைவிடக் கேவலம். பிறகு பார்ப்போம் என்று தாளை வாங்கி லாச்சிக்குள் போட்டு, கடைசித் திகதி போகுமட்டும் வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு வேறு தாள் எடுக்கத் தெரியாதா என்ன? எடுக்கவில்லை. இன்றுவரை என்னிடம் கேட்கவும் இல்லை.

இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். வைவார் என்று நினைத்தேன். தடியை மேசையில் வைத்துவிட்டு, தன் அழைப்புத் தாளையும் தாய் மூன்று நாள் மாக்கலத்துக்குள் ஒளித்து வைத்திருந்தா என்றார்.

2016 மார்ச்சில் அவர் போனார், புற்றுநோய். அமெரிக்காவில் முன்னாள் படையாளின் இறுதிச் சடங்குக்கு, குடும்பம் கேட்டால், சீருடையில் இரண்டு பேராவது வந்து கொடியை மடித்துக் கொடுத்து 'ராப்ஸ்' என்ற பியூகிள் மெட்டை வாசிக்கவேண்டும் என்று சட்டம். 1862இல் உள்நாட்டுப் போர் முகாமில் பிறந்த 24 சுரம். ஆனால் ஊதத் தெரிந்தவர்கள் போதாது, அதனால் பியூகிள் வாய்க்குள் பற்றரிப் பெட்டி ஒன்றை வைத்து அமத்திவிட்டு, ஊதுகிற மாதிரி உதட்டில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கிழவர் இதை முதலே சொல்லிவைத்திருந்தார், "என்னை பற்றரியோட புதைக்கவேண்டாம்." மகன் பாடசாலையில் லீவு எடுத்துக்கொண்டு, அவருடைய பழைய ஜி பியூகிளோடு வந்தான். நல்ல குளிர். ஊதுவாயைக் கைக்குள் பொத்திச் சூடாக்கிக்கொண்டே நின்றான். ஆறாவது சுரத்தில் கொஞ்சம் பிசகியது, பிறகு சரியாகிவிட்டது. மனைவி அவனைப் பார்க்கவில்லை, மடிக்கிற கொடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா.

அதற்குப் பிறகு லீஜன் மண்டபத்தில் சாப்பாடு. அவருடைய கோர்க் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர், எல்லாருக்கும் எழுபது தாண்டியிருக்கும், ஒருவர் கரண்டியை எடுத்து மேசையில் மெல்லத் தட்டத் தொடங்கினார். மற்றவர்களும் சேர்ந்தார்கள். நானும் கையை மேசையில் வைத்தேன். வேகம் கூடி, அரிசி கொட்டி, ஒரே இடத்தில் எல்லாரும் நின்றோம்.

பக்கத்திலிருந்தவர் என் கையைப் பார்த்து, "உனக்கு யார் பழக்கினது?" என்றார்.

"ஆமி மாஸ்டர்" என்றேன். முப்பது வருடத்துக்கு மேல் வாயில் வராத சொல்.

"எந்த ஆமி?" என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்கினேன், என் கோப்பையில் இருந்த சூப் ஆறிப்போய்விட்டது.